கண் பரிசோதனைக்குப் போகப் பயமா? முதல் முறை போகிறவர்களுக்கு

என் அம்மா பல் மருத்துவரிடம் கூசாமல் வாயைத் திறப்பார். கண்ணாடிக் கடை நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கை வேர்த்துவிடும். இரண்டு வில்லைகளை மாற்றிக் காட்டி "எது தெளிவு, ஒன்றா இரண்டா?" என்று கேட்டதும், தப்பாகச் சொன்னால் தப்பான கண்ணாடி வந்துவிடுமே என்று திணறுவார். உங்களுக்கும் அப்படியென்றால் இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

1. வார நாளில், காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனால் கூட்டத்திலேயே பாதி தெம்பு போய்விடும். முன்பதிவு செய்யும்போதே "பயமாக இருக்கும், மெதுவாகச் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். சிங்கப்பூரில் ஆப்டோமெட்ரிஸ்ட்கள் (கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர்கள்) பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

2. பழைய கண்ணாடி, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

3. முதல் இயந்திரத்தில் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே பெரும்பாலும் ஒரு சாலை, அதன் கோடியில் வண்ண பலூன். படம் மங்கி மங்கித் தெளியும். பதறாதீர்கள், உங்கள் கண் தளர்ந்து தூரத்தைப் பார்க்கட்டும் என்று இயந்திரமே மங்கச் செய்கிறது.

4. அடுத்து, பலரும் துள்ளிக் குதிக்கும் காற்றுச் சோதனை. கண் அழுத்தத்தை அளக்க 'புஸ்' என்று ஒரு காற்று, அவ்வளவுதான். முதலில் கைமேல் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சட்டைக் கழுத்து இறுக்கமாக இருந்தால் ஒரு பொத்தானைக் கழற்றுங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள். இரண்டுமே அளவை ஏற்றிக் காட்டக்கூடும். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பார்கள். காற்று வேண்டவே வேண்டாமென்றால் அளக்க வேறு வழிகளும் உண்டு, கேளுங்கள்.

5. இனி அந்த 'ஒன்றா இரண்டா'. இதில் பெயிலாக முடியாது. ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பதே உங்கள் பதிலைச் சரிபார்க்கத்தான். அதைவிட முக்கியம், "இரண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்பதும் நல்ல பதில். சிலிண்டர் பவர் (சிதறல் பார்வையைச் சரிசெய்யும் பவர்) சரியாகப் பொருந்தும்போது இரண்டு படங்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். பரிசோதிப்பவர் தேடுவதே அந்த இடத்தைத்தான்! தெரியவில்லை என்றால் "இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

6. மருத்துவமனைக்கு அனுப்பினால் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடக்கூடும். சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்ட வேண்டாம், வெயில் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

ஒன்று மட்டும். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாகவோ, திரை விழுவது போலவோ தெரிந்தால் கடைக்குப் போகாதீர்கள், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

போன மாதம் அம்மாவும் போய் வந்தார். ஏழெட்டு ஜோடி படங்களைப் பார்த்த பிறகு, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு தம்பி" என்று தயங்கிக்கொண்டே சொன்னாராம். "அதான் வேணும், ஆண்டி" என்று அந்தப் பையன் எண்ணைக் குறித்துக்கொண்டானாம்.