உற்பத்தி நின்றுபோன ரைஃபிள் பவுடருக்கு லோட் டேட்டா தேடும் முறை

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாக்களை வீட்டிலேயே மறுநிரப்பு செய்பவர்கள் பலரிடம், இப்போது கடைகளில் கிடைக்காத பவுடர் (தோட்டாவில் இடும் வெடிமருந்து) டப்பா ஒன்றாவது இருக்கும். அதற்கான லோட் டேட்டாவை, அதாவது எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு பவுடர் இடலாம் என்ற அளவுகளைத் தேடும் முன், டப்பாவின் மேலுள்ள தயாரிப்பாளர் பெயர், பவுடரின் முழுப்பெயர், லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) ஆகிய மூன்றையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணை மட்டும் வைத்துத் தேடுவது ஆபத்தானது.

4831 இதற்குச் சரியான சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 20 மி.மீ. பீரங்கித் தோட்டாக்களுக்கென்று தயாரித்து மிஞ்சிய இராணுவப் பவுடரை ஹாட்ஜ்டன் நிறுவனம் 4831 என்ற பெயரில் விற்றது. அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகு புதிதாகத் தயாரித்த எச் 4831 வந்தது; டூபான்ட் நிறுவனமோ 1970-களில் ஐஎம்ஆர் 4831 என்பதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண் ஒன்றாக இருந்தாலும், ஐஎம்ஆர் 4831 எச் 4831-ஐ விட வேகமாக எரியும் என்பதால், ஒன்றின் உச்ச அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் அழுத்தம் வரம்பு மீறக்கூடும். ஆகவே, உங்கள் டப்பா எந்தக் காலத்தைச் சேர்ந்ததோ அந்தக் காலத்துக் கையேட்டையே தேட வேண்டும்.

நிறுவனங்கள் கைமாறிய ஆண்டுகள் இதற்குத் துணைசெய்யும். ஹெர்குலிஸ் நிறுவனத்தின் பெயர் தாங்கிய ரீலோடர் வகைப் பவுடர் டப்பா, அந்நிறுவனத்தின் பவுடர் தொழில் 1995-இல் அலையன்ட் ஆனதற்கு முற்பட்டது. ஐஎம்ஆர் 2003-இல் ஹாட்ஜ்டன் வசம் வந்தது. பவுடர் நிறுவனங்கள் இலவசமாக வழங்கிய சிறு கையேடுகளும், லைமன், ஸ்பியர், ஹார்னடி, சியரா ஆகியவற்றின் பழைய பதிப்புகளும் பழைய புத்தகக் கடைகளிலும் துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் கிடைக்கின்றன. கையேடு கிடைக்காவிட்டால், இப்போதைய உரிமையாளரின் தொழில்நுட்பப் பிரிவுக்கு லாட் எண், தோட்டா வகை, குண்டின் எடை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். என் கருத்தில், பலரும் கடைசியாக நாடும் இவ்வழியைத்தான் முதலில் நாட வேண்டும்.

பழைய கையேட்டில் அழுத்தத்தின் அலகைக் கவனிப்பது அவசியம். .30-06 தோட்டாவுக்கு 50,000 சியுபி (செம்புத் துண்டு நசுங்கும் அளவைக் கொண்டு கணிக்கும் அலகு) என்பதும் 60,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்பதும் இருவேறு கருவிகளால் அளந்த ஒரே உச்சவரம்பைக் குறிப்பவை. முன்னதைப் பார்த்துவிட்டு இன்னும் 10,000 மிச்சமிருக்கிறது என்று கருதிவிடக் கூடாது. பழைய அளவுகள் பெரும்பாலும் ஈய உள்ளீடு கொண்ட குண்டுகளுக்கானவை. முழுச் செம்புக் குண்டுக்கு அவற்றை அப்படியே எடுத்தாள இயலாது. கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள். உச்ச அளவு மட்டும் தரப்பட்டிருந்தால் அதில் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். இயன்றால் தனித்தனியாகச் சோதிக்கப்பட்ட இரண்டு கையேடுகளை ஒப்பிடுங்கள். எரிவேகப் பட்டியல், பவுடர்கள் எரியும் வேகத்தின் வரிசையை மட்டுமே காட்டும், பக்கத்தில் இருக்கும் பவுடரின் அளவை அதிலிருந்து இரவல் வாங்கக் கூடாது.

டப்பாவைத் திறந்ததும் காரமான அமில நெடியோ செம்பழுப்புப் புகையோ எழுந்தாலும், உட்புறம் துருப்போல் தூள் படிந்திருந்தாலும், பவுடர் கெட்டுவிட்டது. அதற்கு எந்த டேட்டாவும் பொருந்தாது. முத்திரை உடைந்து, பலர் கை மாறி வந்த டப்பாவும் அப்படித்தான், ஏனெனில் உள்ளிருப்பது லேபிளில் உள்ள பவுடர்தான் என்பதற்கு உறுதியில்லை. இத்தகைய பவுடரைத் தயாரிப்பாளர் கூறும் முறைப்படி அழித்துவிடுங்கள்.