எக்ஸ் சர்வரில் பஃபர் ஓவர்ஃப்ளோ: நிரல் எழுதுபவரும் கணினி வைத்திருப்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1991 மே மாதம், திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தில் எழுத்துருக் கோப்பைப் படிக்கும் நிரலில் ஒரு வரி நுழைந்தது. அதில் இருந்த ஓட்டையை அடைத்தது 2014 ஜனவரியில். நடுவில் 22 ஆண்டுகளுக்கு மேல் அது எத்தனையோ லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கு எண் தரும் சிவிஇ என்ற பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-6462 என்பது அதன் எண். பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவக இடத்தைத் தாண்டித் தரவு வழிவது) என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அந்த நிரல் படித்த பிடிஎஃப் (BDF; PDF அல்ல) எழுத்துரு என்பது வெறும் உரைக் கோப்பு. அதில் ஒவ்வொரு எழுத்தின் விவரமும் 'ஸ்டார்ட்சார்' என்ற சொல்லில் தொடங்கும். பக்கத்திலேயே அந்த எழுத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை வாங்கி வைக்க நிரலில் 100 பைட் ஒதுக்கியிருந்தார்கள். படிக்கும் வேலையை சி மொழியின் எஸ்ஸ்கேன்எஃப் செய்தது. 'அடுத்த இடைவெளி வரும்வரை எடு' என்று அதனிடம் சொன்னார்கள். 'இத்தனைக்கு மேல் எடுக்காதே' என்று சொல்லவில்லை. ஒழுங்கான எழுத்துருவில் பெயர்கள் சின்னதாகவே இருக்கும், பிரச்சினை வராது. யாராவது வேண்டுமென்றே 400 எழுத்தில் ஒரு பெயர் வைத்தால், 100 பைட் நிரம்பியதும் மிச்சமெல்லாம் ஸ்டாக்கில் (பங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதி) பக்கத்து இடத்தில் போய் விழும். பங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரியும் அங்கேதான் இருக்கிறது. அதை மாற்றத் தெரிந்தவர், அந்த நிரலைத் தான் சொல்கிற இடத்துக்கு ஓட வைக்கலாம்.

இந்த எழுத்துருக்களைப் படித்தது எக்ஸின் மைய நிரலான எக்ஸ் சர்வர். அது கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாகத் தொட வேண்டியிருந்ததால், அந்தக் காலத்தில் பெரும்பாலும் ரூட் உரிமையோடு (கணினியில் எதையும் செய்யும் முழு உரிமை) ஓடியது. எழுத்துரு தேடும் பாதையில் தன் ஃபோல்டரைச் சேர்க்கவோ சாதாரணப் பயனரே போதும். ஆக, ஒரு எழுத்துருக் கோப்பு எழுதத் தெரிந்தால் ரூட் ஆகிவிடலாம் என்ற நிலை.

திருத்தம் எவ்வளவு தெரியுமா? அந்த வரியில் 99 என்ற எண்ணைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். 100 இல்லை, 99. சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கு ஒரு பைட் வேண்டும். இங்கே 100 என்று போடுவதும் பலர் செய்கிற தவறு. ஒரே ஒரு பைட் வழிந்தாலும் அது ஓவர்ஃப்ளோதான். இந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது சிபிபிசெக் என்ற இலவசக் கருவி. பழைய நிரல், இத்தனை ஆண்டு ஓடிய நிரல், அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அதைச் சோதிக்காமல் விடுவதுதான் இதில் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது.

இன்னொரு வகைத் தவறு, ஒரே விஷயத்துக்கு இரண்டு கணக்கு வைத்து ஒன்றை மட்டும் திருத்துவது. 2024 அக்டோபரில் வெளியான சிவிஇ-2024-9632 அப்படி வந்தது. விசைப்பலகை அமைப்பு தொடர்பான ஒரு பட்டியலில், இப்போது எத்தனை பதிவு இருக்கிறது என்று ஓர் எண். எத்தனைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது என்று இன்னோர் எண். பட்டியலைப் பெரிதாக்கும்போது முதல் எண் மாறியது, இரண்டாவது மாறவில்லை. 2006 முதல் அப்படியே இருந்தது. 2024 ஜனவரியில் வெளியான சிவிஇ-2023-6816-உம் இதற்குச் சொந்தம்தான்: மவுஸில் எத்தனை பொத்தான் உண்டோ அதற்கு மட்டும் இடம் ஒதுக்கினார்கள், ஆனால் பொத்தான் எண்ணை 255 வரை மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தது.

சரி, நிரல் எழுதாதவர்கள் செய்யும் தவறுகளுக்கு வருவோம். "நான் வேலேண்ட் பயன்படுத்துகிறேன், எனக்கு ஒன்றுமில்லை" என்பது முதலாவது. வேலேண்ட் எக்ஸுக்குப் பதிலாக வந்த புது முறைதான், ஆனால் பழைய எக்ஸ் செயலிகளுக்காக எக்ஸ்வேலேண்ட் என்ற எக்ஸ் சர்வர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன 2024-ஆம் ஆண்டு ஓட்டைகள் இரண்டும் அதிலும் இருந்தன. தூரத்துக் கணினியின் திரையைப் பார்க்க உதவும் டைகர்விஎன்சியும் எக்ஸ் சர்வரின் மூலநிரலைச் சேர்த்துக் கட்டியதுதான். அதைத் தனியாக அப்டேட் செய்ய வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

"உள்ளே லாகின் செய்தவர்தானே தாக்க முடியும்" என்பதும் முழு உண்மை இல்லை. தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக எக்ஸ் ஃபார்வேர்டிங் போட்டால், தூரத்துக் கணினியில் ஓடும் நிரல் உங்கள் மேசையில் இருக்கும் எக்ஸ் சர்வரோடு பேசுகிறது. அந்தக் கணினி கெட்டவர் கையில் இருந்தால், தாக்குதல் அந்த வழியாக உங்களிடம் வரும். தேவைப்படும்போது மட்டும் ஃபார்வேர்டிங்கைப் போடுங்கள். எல்லா சர்வருக்கும் சேர்த்து கான்ஃபிக் கோப்பில் எழுதி வைக்காதீர்கள்.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதோ நிம்மதி அடைவதோ வேண்டாம். டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (விநியோகங்கள்) பழைய பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் சேர்த்துத் தருவதுண்டு. உங்கள் டிஸ்ட்ரோவின் பாதுகாப்பு அறிவிப்பில் சிவிஇ எண்ணைத் தேடுவதே சரியான வழி.

அப்புறம், அப்டேட் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. டிஸ்க்கில் புதுக் கோப்பு வந்திருக்கும்; மெமரியில் ஓடுவது பழையதுதான். லாகவுட் செய்தாலும் லாகின் திரைக்கான சர்வர் தொடர்ந்து ஓடலாம். கணினியை ஒருமுறை ரீபூட் செய்துவிட்டு, ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் எக்ஸ்.ஆர்க் (எக்ஸ் சர்வர், Xorg) எந்தப் பயனர் பெயரில், எப்போதிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். பெயர் ரூட் என்று இருந்தால், ரூட் இல்லாமல் ஓட்ட உங்கள் லாகின் மேனேஜரில் (லாகின் திரையைக் காட்டும் நிரல்) வழி உண்டா என்று அன்றே தேடிப் பாருங்கள்.