சிஸ்கோ சுவிட்சில் எஸ்.எஸ்.ஹெச்: 'ரைட்' அடிக்க அவசரம் வேண்டாம்

சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் வகை சுவிட்சில், தொலைவிலிருந்து மறைகுறியாக்கம் இல்லாமல் நுழையும் டெல்நெட்டை ஒழித்து, மறைகுறியாக்கத்தோடு நுழையும் எஸ்.எஸ்.ஹெச். கொண்டுவர ஏழெட்டுக் கட்டளை போதும். கடவுச்சொல்லை 'சிஸ்கோ' என்றே விடக் கூடாது என்பது போன்ற பாடங்களை விட்டுவிட்டு, இந்த வேலையில் வழக்கமாக நேரும் தவறுகளைப் பார்ப்போம்.

சாவியே உருவாகாமல் நிற்பது

ஹோஸ்ட்நேம் இன்னும் 'ஸ்விட்ச்' என்றே இருந்தாலோ, 'ஐபி டொமைன்-நேம்' கொடுக்காமல் விட்டாலோ எஸ்.எஸ்.ஹெச்.சுக்குத் தேவையான ஆர்.எஸ்.ஏ. மறையாக்கச் சாவி உருவாகாது. மாடுலஸ் (சாவியின் நீளம்) கேட்கும்போது வெறுமனே என்டர் தட்டினால் சிஸ்கோ இயங்குதளமான ஐ.ஓ.எஸ்.-இன் பழைய பதிப்புகள் பலவற்றில் 512 பிட்தான் கிடைக்கும். எஸ்.எஸ்.ஹெச். வெர்ஷன் 2-க்குக் குறைந்தது 768 வேண்டும். 2048 என்று நீங்களே கொடுங்கள்.

சோதிக்காமல் சேமிப்பது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை. ஊர் தாண்டி இருக்கும் சுவிட்சுக்குள் டெல்நெட்டில் நுழைவார்கள். 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்' (எஸ்.எஸ்.ஹெச். மட்டும் அனுமதி), 'லாகின் லோக்கல்' (சுவிட்சிலேயே உள்ள யூசரை வைத்துச் சரிபார்) கொடுப்பார்கள். 'ரைட் மெமரி' அடித்துச் சேமித்துவிட்டு வெளியேறுவார்கள். லோக்கல் யூசர் ஒருவரைக்கூட உருவாக்கியிருக்க மாட்டார்கள். திறந்திருக்கும் செஷன் இதனால் அறுவதில்லை. அதனால் வெளியே வரும்வரை எல்லாம் நன்றாகவே தெரியும். அப்புறம் அங்கே யாரையாவது பிடித்து பவரை அணைத்துப் போடச் சொன்னாலும் பயனில்லை. சேமித்து வைத்த தவறுதான் மறுபடி ஏறும். கன்சோல் கேபிளோடு ஆள் போயே தீர வேண்டும்.

மாற்றத்தைத் தொடும் முன்பே 'ரீலோட் இன் 10' கொடுங்கள்; பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகி, சேமிக்காத மாற்றம் போய்விடும். மாற்றிய பிறகு கொடுத்தால் 'சேமிக்கவா?' என்று கேட்கும். பழக்க தோஷத்தில் 'யெஸ்' போட்டால் இந்தப் பாதுகாப்பே வீண். வேலை முடிந்ததும் முதல் சன்னலை மூடாமல், இரண்டாவது சன்னலில் எஸ்.எஸ்.ஹெச். வழியாக நுழைந்து 'கான்ஃபிக்' வரை போய்ப் பாருங்கள். பிறகு 'ரீலோட் கேன்சல்', அதன் பின்பே 'ரைட்'. கேன்சலை மறந்தால் பத்தாவது நிமிடம் அந்தத் தளம் முழுக்க நெட்வொர்க் போகும், ஆகவே அலுவலக நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

'விடிஒய் 0 4' மட்டும்

தொலைவிலிருந்து நுழையும் வழிகளே விடிஒய் லைன்கள்; கேட்டலிஸ்டில் பொதுவாக 16 உண்டு. 0 முதல் 4 வரை மட்டும் மாற்றினால் 5 முதல் 15 வரை பழைய அமைப்பே நிற்கும். 'லைன் விடிஒய் 0 15' என்று கொடுங்கள்.

'பாஸ்வேர்ட்' வைத்து யூசர் உருவாக்குவது

'பாஸ்வேர்ட்' கொடுத்தால் மறைத்துச் சேமித்தாலும் கிடைப்பது டைப் 7 என்ற பலவீனமான மறையாக்கம்தான்; அது நொடியில் அவிழும். 'சீக்ரெட்' போடுங்கள்.

கேட்வே இல்லாத லேயர் 2 சுவிட்ச்

வேறு சப்நெட்டிலிருந்து எட்டாது. வெளி சப்நெட்டுக்கு வழிகாட்டும் ரௌட்டரின் முகவரியை 'ஐபி டீஃபால்ட்-கேட்வே' கட்டளையில் கொடுங்கள்.