பிள்ளையின் சேமிப்புக் கணக்கை முடிக்க: என் அனுபவம்

பாம்பன், மண்டபம் பக்கம் பல வீடுகளில் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு அப்பாதான் காப்பாளர். அவர் கடலுக்குப் போயிருந்தால் கையெழுத்துக்கு வழியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால் காப்பாளர் கையெழுத்து செல்லாது. பிள்ளையே ஆதார், பான், புகைப்படத்தோடு போய் மாதிரிக் கையெழுத்தைப் பதிய வேண்டும். எனக்கு அதன் பிறகே கணக்கை முடிக்கும் படிவம் நகர்ந்தது.

2 ஆண்டுகளுக்கு மேல் பணம் போடாமல், எடுக்காமல் இருந்தால் கணக்கு முடங்கிவிடும். முதலில் அதை உயிர்ப்பிக்கணும். அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது, ரிசர்வ் வங்கி விதி இது.

முக்கியமானது உதவித்தொகை. ஆதார் இணைப்பை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு முடியுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் பணம் வந்து சேராது. கடைசி வட்டியைப் பாஸ்புக்கில் பதிந்து வாங்குங்கள்.