சிலிண்டர் மட்டும் மாறினால் போதுமா? கருமருந்து ரிவால்வரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரும்பாலான வீரர்கள் ஏந்திய ரிவால்வர்களில் உலோகத் தோட்டா கிடையாது. சுழலும் சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் உள்ள சிறு முனையில், அடித்தால் வெடிக்கும் குட்டி மூடியான கேப்பைச் செருக வேண்டும். நம் தீபாவளிப் பொட்டு வெடிக்கு அது மூத்த உறவு. சிலிண்டரை முழுவதும் துளைத்துப் பின்புறமாகத் தோட்டா போடும் முறைக்கு ரோலின் வைட் 1855இல் பெற்ற காப்புரிமை 1869இல் முடிந்தது. அதன் பிறகே கோல்ட் நிறுவனம் ரிச்சர்ட்ஸ், மேசன் ஆகியோரின் வடிவமைப்புகளின்படி பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றியது. இன்று, இத்தாலியில் உருவாகும் நகல் ரிவால்வர்களுக்கென அமெரிக்காவில் தோட்டா போடும் தனி சிலிண்டர்கள் விற்கிறார்கள்; பழைய சிலிண்டரைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். மாட்டுவது எளிது என்பதாலேயே தவறுகளும் மலிந்துவிட்டன.

முதல் தவறு, பித்தளைச் சட்டகத்தில், அதாவது சிலிண்டரைத் தாங்கும் உடல் பித்தளையாக உள்ள ரிவால்வரில், இதை மாட்டுவது. விலை மலிவு, பார்க்கவும் பளபளப்பு. ஆனால் பித்தளை மென்மையானது. கருமருந்திலேயே அதிகம் சுட்ட பித்தளை ரிவால்வரில் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, அதன் பின்புறம் மோதும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக ஒரு தழும்பு பதிந்திருக்கும். ஒவ்வொரு வேட்டுக்கும் சிலிண்டர் பின்னால் வந்து இடித்த தடம் அது. தோட்டா சிலிண்டருக்கு எஃகுச் சட்டகம் மட்டுமே ஏற்றது.

சட்டகம் எஃகாக இருந்தாலும் எல்லாத் தோட்டாவையும் தாங்காது. .45 கோல்ட் என்ற ஒரே பெயரில் மென்மையான தோட்டாவும் உண்டு. நவீனக் கனரகத் துப்பாக்கிகளுக்கான முரட்டுத் தோட்டாவும் உண்டு. இரண்டும் அறைக்குள் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கருமருந்துத் தோட்டா அல்லது வேகம் குறைந்த ஈயக் குண்டுத் தோட்டா, இவை தவிர வேறெதுவும் வேண்டாம். பழைய சிலிண்டரின் அறையில் நேரடியாகக் கொட்டிச் சுடும்போது கருமருந்துக்குப் பதில் நவீனத் தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்தைப் போடுவது தற்கொலைக்குச் சமம்.

அளவுப் பெயர்களை நம்புவது அடுத்த தவறு. பலரையும் குழப்புவது இதுதான். ‘44’ என்று விற்கப்படும் நகலின் குழல் விட்டம் ஏறக்குறைய 0.45 அங்குலம். அதனால்தான் அதற்கு .45 கோல்ட் சிலிண்டர் செய்கிறார்கள். பெயரில் 44 இருப்பதாலேயே பொருந்திவிடும் என்று .44 ஸ்பெஷல் தோட்டாவைத் தேடினால், அதன் குண்டு 0.43 அங்குலம்தான். ‘36’ நேவி என்ற மாடல் இன்னும் விசித்திரம். அதன் குழல் சுமார் 0.375 அங்குலம்; .38 ஸ்பெஷல் குண்டோ 0.358 அங்குலம். அந்த ‘38’ குண்டின் அளவே அல்ல, தோட்டாக் கூட்டின் விட்டம். 1870களின் .38 தோட்டாக்களில் குண்டும் கூடும் ஒரே விட்டம். குண்டின் அடிப்பகுதியை மட்டும் சற்றுக் குறுக்கிக் கூட்டுக்குள் செருகினார்கள். இன்றைய குண்டின் முழு விட்டமும் கூட்டுக்குள் அடங்குகிறது, ஆகவே மெலிந்துவிட்டது. அகலக் குழலில் அது, குண்டைச் சுழற்ற உட்சுவரில் வெட்டிய வரிகளைப் பற்றாமல் தள்ளாடிப் போகும். அடி குழிந்த ஈயக் குண்டு வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து குழலைப் பற்றிக்கொள்ளும். அதைத் தேடி வாங்குவது நல்லது.

பியெட்டா, உபெர்டி இரண்டும் நகல் செய்யும் இத்தாலிய நிறுவனங்கள். பியெட்டா நகலுக்கான சிலிண்டரை உபெர்டி நகலில் மாட்டக் கூடாது. இரண்டும் ஒரே மாடலின் நகல்களாக இருந்தாலும் அளவுகள் நுட்பமாக வேறுபடும். அறை குழலுக்கு நேராக நிற்காவிட்டால் ஈயம் பக்கவாட்டில் சீவித் தெறிக்கும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. கேப் ரிவால்வர் நகலை அமெரிக்க மத்தியச் சட்டம் பழம்பொருளாகக் கருதினாலும், தோட்டா சிலிண்டர் ஏறியதும் அந்தச் சலுகை போய்விடும். மாநிலச் சட்டங்கள் அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, 1860களின் அசல் ரிவால்வரைத் தோட்டாவுக்கு மாற்ற எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவது. அதன் உலோகம் இன்றைய எஃகு அல்ல. உள்ளே எங்கே விரிசல் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதை அப்படியே எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சுடுவதற்கு எஃகுச் சட்டக நகல் ஒன்று சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது.