சந்தடியில்லாத சைக்கிள் பாதை: இங்கிலாந்துக் கிராமங்களில் நீங்களே வகுத்துக்கொள்வது எப்படி?

நம் ஆட்கள் பலர் இங்கிலாந்துக்கு வந்ததும் ஆசையாக ஒரு சைக்கிள் வாங்குகிறார்கள். இரண்டு தடவை ஓட்டிவிட்டு ஷெட்டில் வைத்துவிடுகிறார்கள். கேட்டால், "லாரி தோளை உரசுகிற மாதிரி போகிறது, நமக்கு வேண்டாம்" என்கிறார்கள். என் நண்பர்களில் நாலைந்து பேர் இப்படி. அவர்கள் எல்லோரும் போனது ஊருக்கு ஊர் போகிற பெரிய சாலையில். அங்கிருந்து அரை மைல் தள்ளி, உயிர்வேலிக்கு அந்தப் பக்கம், எப்போதாவது ஒரு கார் வருகிற சின்னச் சாலை சும்மா கிடந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

உதாரணத்துக்கு சஃபோக் மாவட்டத்தின் தென்பகுதியை எடுத்துக்கொள்வோம். லண்டனிலிருந்து ரயிலில் போய் வரலாம். மாவட்டத்தின் மிக உயர்ந்த இடமே 128 மீட்டர்தான், அதனால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் பயமில்லை.

1. காகித மேப் ஒன்று வாங்குங்கள்

செல்போன் திரையில் ஒரு துண்டுதான் தெரியும். பாதை வகுக்க மொத்தப் பகுதியும் கண்முன் விரிய வேண்டும். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் லேண்ட்ரேஞ்சர் வரிசை இதற்கு மிகப் பொருத்தம். மேப்பில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். நம் பகுதிக்கு 155-ஆம் எண் மேப்.

2. மஞ்சளைத் தேடுங்கள்

மோட்டார்வே நீலம், எண்ணுக்கு முன்னால் 'பி' போட்ட சாலைகள் ஆரஞ்சு. இவற்றை விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது எண் எதுவும் போடாத மஞ்சள் சாலைகள். அதிலும் இரண்டு வகை: 4 மீட்டருக்கு மேல் அகலமானவை தடித்த கோடு, அதற்குக் குறைவானவை மெல்லிய கோடு. மெல்லிய மஞ்சள்தான் சைக்கிளுக்கு உகந்தது. வண்ணமே இல்லாத வெள்ளைக் கோட்டை நம்பிப் போகாதீர்கள், அது ஒரு பண்ணை வீட்டு வாசலில் போய் முடியலாம்.

சாலையின் மேல் சின்ன அம்புக்குறி இருந்தால் செங்குத்தான ஏற்றம். ஒற்றை அம்பு 14 முதல் 20 சதவீதம், இரட்டை அம்பு அதற்கும் மேல். முதல் பயணத்தில் இரட்டை அம்பைச் சுற்றிப் போய்விடுங்கள்.

3. "இந்தச் சாலை யாருக்கு வேண்டும்?" என்று கேளுங்கள்

மொத்த வித்தையும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மஞ்சளாக இருப்பதாலேயே ஒரு சாலை அமைதியாகிவிடாது. இரண்டு பெரிய சாலைகளை நேர்க்கோட்டில் இணைக்கிற மஞ்சள் சாலை என்றால், அவசரக்காரர்கள் அதைக் குறுக்குவழியாக வைத்திருப்பார்கள். காலை எட்டரைக்கும் மாலை ஐந்துக்கும் அங்கே நிற்கவே முடியாது. அதே சமயம், வளைந்து நெளிந்து நாலு பண்ணையையும் ஒரு தேவாலயத்தையும் மட்டும் தொட்டுப் போகிற சாலை இருக்கிறதே, அதனால் எந்தக் காருக்கும் நேரம் மிச்சமாகாது. அங்கே வருகிறவர் அங்கேயே குடியிருப்பவராகத்தான் இருப்பார்.

பக்கத்திலேயே வேகமான பெரிய சாலை இணையாக ஓடினால் இன்னும் நல்லது. வண்டிகளையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும்.

நேரில் போனால் ஒரு அடையாளம் உண்டு: தார்ச்சாலையின் நடுவே புல் முளைத்திருக்கும். கார்ச் சக்கரங்கள் போகிற இரண்டு தடம் மட்டும் தேய்ந்து, நடுவில் பாசியும் புல்லுமாகப் பச்சைக் கோடு. அதைப் பார்த்துவிட்டால் தோள் தானாக இறங்கும்.

4. பெரிய சாலையைக் கடக்கலாம், அதில் ஓட்ட வேண்டாம்

சட்பரி ரயில் நிலையத்தில் இறங்கி ஆக்டன் பக்கமாக லாவன்ஹாம் போகிறோம், சுமார் 7 மைல். கம்பளித் துணி வியாபாரத்தில் கொழித்த ஊர். சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகளைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து கெர்ஸி போக வேண்டும். பலகையைப் பார்த்துப் போனால் ஏ1141 என்ற பெரிய சாலைதான் கூப்பிடும். போகாதீர்கள்.

மேப்பில் அதற்கு வடக்கே பாருங்கள்: பிரஸ்டன் செயின்ட் மேரி, கெட்டில்பாஸ்டன், செல்ஸ்வர்த். பிறகு தெற்கே திரும்பி லிண்ட்ஸி, அப்புறம் கெர்ஸி. ஏறக்குறைய 10 மைல். இதில் செல்ஸ்வர்த்துக்கும் லிண்ட்ஸிக்கும் நடுவே ஏ1141-ஐ ஒருமுறை கடந்தே ஆக வேண்டும். அங்கே சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். பெரிய சாலையோடு உங்களுக்கு உள்ள உறவு அவ்வளவுதான்.

கெர்ஸியின் ஒரே பெரிய தெரு இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, அடியில் ஓர் ஓடைக்குள் போகும். பாலம் கட்டாமல் ஓடையை அப்படியே சாலையின் குறுக்கே விட்டிருக்கிறார்கள். கார்கள் தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். சைக்கிளில் இறங்கிப் பார்க்க ஆசை வரும், ஆனால் அடியில் பாசி வழுக்கும். ஓரத்தில் நடைபாலம் இருக்கிறது, தள்ளிக்கொண்டு போங்கள்.

திரும்பும்போது குரோட்டன், எட்வர்ட்ஸ்டன், கிரேட் வால்டிங்ஃபீல்ட் வழியாக சட்பரி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த ஜான் வின்த்ரோப் 1588-இல் பிறந்தது இந்த எட்வர்ட்ஸ்டனில்தான். சட்பரியை நெருங்கும்போது கொஞ்சம் வண்டிகள் இருக்கும். மொத்தம் 45 கிலோமீட்டர் அளவு வரும். நின்று நின்று போனால் ஒரு முழு நாள்.

5. போட்ட பாதையைச் சரிபாருங்கள்

சைக்கிள்.டிராவல் என்ற இணையதளம் அமைதியான சாலைகளைத் தேர்ந்து பாதை போட்டுத் தரும். சைக்கிள்ஸ்ட்ரீட்ஸில் "அமைதியான வழி" என்று தனியாகவே கேட்கலாம். உங்கள் பாதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகமான சந்திப்புகளை கூகுள் மேப்பின் ஸ்ட்ரீட் வியூவில் பார்த்துவிட்டால் நேரில் தடுமாற்றம் இருக்காது. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் எண் இருந்தால் அது தேசிய சைக்கிள் வலையமைப்பின் பாதை. அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

6. நாளும் நேரமும்

ஞாயிறு காலை மிகச் சிறந்தது. வார நாளென்றால் பத்து மணிக்கு மேல், பள்ளி விடுகிற மூன்று மணிக்கு முன். ஜூலை, ஆகஸ்டில் அறுவடை, டிராக்டர்கள் சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு வரும். வயல் வாயிலில் ஒதுங்கி வழிவிடுங்கள், ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போவார்.

செப்டம்பருக்குப் பிறகு வேறொரு தொல்லை. பறவைகள் கூடு கட்டும் காலம் என்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை உயிர்வேலிகளை வெட்டத் தடை இருக்கிறது. தடை முடிந்ததும் இயந்திரத்தை வைத்துச் சீவுவார்கள், சாலையெல்லாம் முள். ஒரு அக்டோபரில் கெட்டில்பாஸ்டன் பக்கம் எனக்கு டயர் இறங்கியது. அவசரமாகப் புது டியூப் மாட்டினேன், நூறு மீட்டரில் அதுவும் போனது. முள் டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டியபோது, அரிசி முனை அளவுக்குக் கறுப்பாக ஒன்று குத்தியது. நகத்தால் வராமல் சாவி முனையால் வெளியே தள்ளினேன். அன்றிலிருந்து டயரின் உள்பக்கத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் டியூப் மாட்டுவதில்லை. நீங்களும் இரண்டு டியூப், டயர் லிவர், ஒட்டு, பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். 32 மில்லிமீட்டர் அகல டயர் இந்தச் சாலைகளுக்கு நன்றாக இருக்கும்.

7. ஓட்டும்போது

வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால், அந்தக் குறுகிய சாலையிலும் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல். அதனால் வளைவில் ஓரமாக ஒண்டாதீர்கள். நடுவில் ஓட்டினால்தான் எதிரே வருகிறவர் உங்களைச் சீக்கிரம் பார்ப்பார். அமைதியான சாலைகளில் நடுவில் ஓட்டலாம் என்று 2022-இல் திருத்திய ஹைவே கோடே, அதாவது பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமே, சொல்கிறது. பின்னால் வண்டி வந்தால், இடம் கிடைத்ததும் ஒதுங்கி விடுங்கள்.

குதிரையில் வருகிறவர்களைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணியடிக்காமல் தூரத்திலேயே "ஹலோ" சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. அகலமாக விலகி, மெதுவாகக் கடந்து போங்கள்.

8. ரயில்

லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் ஏறி மார்க்ஸ் டேயில் மாறினால் சட்பரி. வார நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மடிக்க முடியாத சைக்கிளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அதில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

திரும்பும் ரயிலில் உட்கார்ந்ததும் மேப்பை மடியில் விரித்து, போன சாலைகளைப் பென்சிலால் தொட்டுக்கொண்டு வாருங்கள். கார் அதிகம் வந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி, நடுவில் புல் இருந்த இடத்தில் ஒரு டிக். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாதையை அந்த டிக்குகளில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.