பழைய சர்வருக்கு டிஎல்எஸ் போர்வை: எஸ்டனல் நிறுவுவது எப்படி?

சில நிரல்களுக்கு மறையாக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. கடவுச்சொல்லையும் தரவையும் அப்படியே நெட்வொர்க்கில் அனுப்பிவிடும். நிரலைத் தொடாமல், முன்னால் ஒரு ப்ராக்ஸியை (இடையில் நின்று இணைப்பை வாங்கிக் கொடுக்கும் நிரல்) நிறுத்தி இதைச் சரிசெய்யலாம். அந்த வேலைக்குத்தான் எஸ்டனல். வெளியிலிருந்து டிஎல்எஸ் (நெட்வொர்க்கில் போகும் தரவை மறையாக்கும் முறை) இணைப்பாக வருவதை வாங்கி, பிரித்து, உள்ளே இருக்கும் நிரலுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும். மறையாக்க வேலையை ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் பார்த்துக்கொள்ளும்.

உதாரணத்துக்கு ரெடிஸ் என்ற தரவுத்தளம். அதன் 6-ஆம் பதிப்பிலேயே டிஎல்எஸ் வந்துவிட்டது. பழைய பதிப்பை விட முடியாதவர்களுக்கு இந்த வழி. கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

படி 1. டெபியன், உபுண்டு இரண்டிலும் தொகுப்பின் பெயர் எஸ்டனல்4. எண்ணை விட்டுவிடாதீர்கள்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எஸ்டனல்4

படி 2. சான்றிதழ், அதாவது சர்வரின் அடையாள அட்டை. டொமைன் இருந்தால் இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டில் வாங்கலாம். உள் நெட்வொர்க் என்றால் ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு நாமே கையொப்பமிட்ட சான்றிதழ் போதும். தனிச்சாவி, சான்றிதழ் இரண்டையும் ஒரே பெம் கோப்பில் சேர்த்து, இடிசி அடைவில் உள்ள எஸ்டனல் அடைவில் வையுங்கள். அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும். சாவியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் பூட்டு எதற்கு?

படி 3. அதே அடைவில் ரெடிஸ்.கான்ஃப் என்று ஒரு கோப்பு. பெயர் .கான்ஃப் என்று முடியவில்லை என்றால் எஸ்டனல் அதைக் கண்டுகொள்ளாது.

[ரெடிஸ்]
அக்செப்ட் = 6380
கனெக்ட் = 127.0.0.1:6379
செர்ட் = (பெம் கோப்பின் முழுப் பாதை)

6380 வெளி வாசல், 6379 ரெடிஸின் வழக்கமான போர்ட். ரெடிஸ் 127.0.0.1-இல் (அதே கணினியின் உள் முகவரி) மட்டும் இணைப்புகளை ஏற்கும்படி அதன் பைண்ட் அமைப்பை மாற்றுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். முன்வாசலில் பெரிய பூட்டு, கொல்லைப்புறக் கதவு திறந்தபடி!

படி 4. தொடங்குவது.

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்டனல்4

பழைய பதிப்புகளில் இடிசி/டிஃபால்ட் அடைவில் உள்ள எஸ்டனல்4 கோப்பில் எனேபிள்ட் என்பதை 1 ஆக்கினால்தான் சேவை கிளம்பும். அப்புறம் எஸ்எஸ் -டிஎல்என்பி கட்டளையில் 6380 தெரிகிறதா என்று பாருங்கள்.

படி 5. எதிர்முனை. கிளையன்ட் இருக்கும் கணினியிலும் எஸ்டனல் வேண்டும். அங்கே கிளையன்ட் = யெஸ் என்று எழுதி, அக்செப்ட்டில் உள்ளூர் போர்ட்டையும் கனெக்ட்டில் சர்வர் முகவரியையும் கொடுங்கள்.

இத்தோடு எல்லாம் ஓடும். ஓடுவதுதான் ஆபத்து. எஸ்டனல் தானாக எதிராளியின் சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை. நடுவில் ஒருவன் தன் சான்றிதழை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். தரவு மறைந்துதான் போகும், ஆனால் போவது அவனிடம். அதனால் கிளையன்ட் பக்கம் வெரிஃபைபியர் = யெஸ் என்றும், சிஏஃபைல் வரியில் சர்வர் சான்றிதழின் பிரதியையும் (சாவியை அல்ல) கொடுங்கள். நாமே கையொப்பமிட்டதற்கு இது பொருந்தும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்றால் வெரிஃபைசெயின், செக்ஹோஸ்ட் (சர்வரின் டொமைன் பெயர்) இரண்டும்; சிஏஃபைலில் கணினியின் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்புகள்) தொகுப்பு.

பராமரிப்பில் நான் பட்ட அடி ஒன்று. சான்றிதழைப் புதுப்பித்து, கோப்பையும் மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். எஸ்டனல் பழையதையே நினைவகத்தில் வைத்திருந்தது. அது காலாவதியானதும் இணைப்புகள் எல்லாம் அறுந்தன. புதுப்பித்தவுடன் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓபன்எஸ்எஸ்எல் அப்டேட் ஆனாலும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் அறுபடும் என்பதால் கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். வெரிஃபைபியர் வைத்திருந்தால் கிளையன்ட்டில் உள்ள பிரதியையும் மாற்ற வேண்டும்.

ஏதாவது முரண்டு பிடித்தால் கான்ஃப் கோப்பில் டீபக் = 7 என்று போட்டு, ஜர்னல்சிடிஎல் -யு எஸ்டனல்4 கட்டளையில் பதிவுகளைப் படியுங்கள். காரணம் கிடைத்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பதிவுகளே டிஸ்க்கை நிரப்பிவிடும்.